டர்பன் வீட்டு நீச்சல் குளம்: குளோரின் விலை ஏறும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

புரட்டாசி விரதம் தொடங்கும்போதே டர்பனில் வெயில் சுடத் தொடங்கிவிடும். தீபாவளிக்குப் பேரன் பேத்திகள் வந்து இறங்குவதற்குள் குளம் தெளிந்திருக்க வேண்டும். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில் வெயிலும் மழையும் உச்சத்தில் இருக்கும். ஆடிக் கஞ்சிக்குக் கோயிலில் கூடும்போதுதான் இங்கே குளிர். ஆக, குளத்துக்கு விடாமல் குளோரின் போட்டாக வேண்டிய பருவம் புரட்டாசி முதல் பங்குனி வரை, ஏறக்குறைய ஏழு மாதம். அந்த ஏழு மாதச் செலவுதான் இப்போது ரிசர்வார் ஹில்ஸ், உம்லாங்கா, டோங்காட், சாட்ஸ்வொர்த் என்று குளம் உள்ள வீடுகளில் எல்லாம் பேச்சாக இருக்கிறது.

விலை ஏறியதற்குக் காரணங்கள் பல. குளோரின் என்பது உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுப்பது. மின்கட்டணம் ஏறினால் அதன் அடக்கவிலையும் ஏறும். இங்கே அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு 2023-இல் மட்டும் 18.65 சதவீத உயர்வு அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு டாலர் விலை. 2020 ஆகஸ்டில் லாரா புயலை அடுத்து அமெரிக்காவின் லூயிசியானாவில் குளோரின் வில்லை செய்யும் பெரிய ஆலை ஒன்று எரிந்துபோக, மறு ஆண்டு அந்நாட்டில் வில்லைக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. இவற்றில் எதுவும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது இரண்டு: போடும் குளோரின் வீணாகாமல் காப்பது, எந்த வடிவில் வாங்குவது என்று முடிவு செய்வது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைப் பற்றி யோசிப்பது ஓட்டைப் பானைக்கு மலிவான தண்ணீர் தேடுவது போன்றது.

## எதை வைத்து ஒப்பிடுவது

டப்பாவின் விலையை டப்பாவின் விலையோடு ஒப்பிடக் கூடாது. அதற்குள் இருக்கும் உண்மையான குளோரின் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். லேபிளில் சதவீதம் அச்சிட்டிருக்கும். விலையை எடை, சதவீதம் இரண்டாலும் வகுத்தால் ஒரு கிலோ குளோரினின் விலை கிடைக்கும். பத்துக் கிலோ டப்பா 1,000 ராண்ட், 68 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: உள்ளே இருப்பது 6.8 கிலோ, ஒரு கிலோவுக்கு 147 ராண்ட். உங்கள் கடை விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். மலிவு என்று நினைத்து எடுத்த டப்பாவின் சதவீதம் குறைந்திருந்தால், அதுவே விலை கூடியதாக முடியும்.

இரண்டாவது அளவுகோல், குளோரினோடு சேர்ந்து தண்ணீருக்குள் வேறு என்ன போகிறது என்பது. குளோரின் வேலை செய்து தீர்ந்துவிடும். உடன் வந்தது தங்கிவிடும். கடைக்காரர் சொல்லாத செலவு பெரும்பாலும் இதில்தான் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, மின்சாரம். நான்காவது, தினமும் யார் செய்வது. மகன் வேலைக்குப் போய்விட்டால் அறுபத்தைந்து வயது அம்மா 25 லிட்டர் கேனைத் தூக்க முடியுமா? ஐந்தாவது, வீட்டில் அதை எங்கே வைப்பது. கடைசியாக, இந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறீர்கள்.

கீழே வரும் கணக்கெல்லாம் 50,000 லிட்டர் குளத்துக்கு. அதில் 50 கிராம் குளோரின் போட்டால் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஏறும். கோடையில் ஒரு நாளைக்கு 2 பிபிஎம் செலவாகிறது என்று வைத்தால் மாதத்துக்கு 3 கிலோ உண்மையான குளோரின் வேண்டும். உங்கள் குளம் இதில் பாதியென்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

## முதலில், குளோரின் எங்கே போகிறது

வெயிலில் போகிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரின், நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். காலை ஒன்பது மணிக்குத் தூளைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதில் பெரும்பகுதியைச் சூரியனுக்கே கொடுக்கிறார்கள். டிசம்பரில் டர்பனில் பொழுது சாய ஏழு மணி ஆகும். அதற்குப் பிறகு போட்டால் இரவு முழுவதும் குளோரின் வேலை செய்யும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு ராண்ட் கூடச் செலவில்லை.

வெயிலுக்கு இன்னொரு காப்பு, நிலைப்படுத்தி என்று விற்கப்படும் சயனூரிக் அமிலம். அது குளோரினைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் போதும். ஒன்றும் இல்லாத 50,000 லிட்டர் குளத்தை 40-க்குக் கொண்டுவர 2 கிலோ தேவை. பழைய காலுறை ஒன்றில் கட்டி வெயர் கூடையில் (பம்புக்கு நீர் போகும் வாயில் இலையைப் பிடிக்கும் கூடை) வைத்துவிட்டால் சில நாட்களில் மெல்லக் கரையும். வெயிலோ பாசியோ அதைத் தின்பதில்லை; மழையும், வடிகட்டியை எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவும் பேக்வாஷும் தண்ணீரோடு வெளியேற்றினால்தான் குறையும்.

அடுத்தது பிஎச், அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண். குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. கிருமியைக் கொல்வதில் ஒன்று வேகம், மற்றது மந்தம். நிலைப்படுத்தி இல்லாத நீரில், பிஎச் 7.2 இருந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகமான வடிவில் இருக்கும். 7.5-இல் பாதி. 8.0-க்கு ஏறினால் கால்வாசிக்கும் கீழே. நிலைப்படுத்தி இருந்தால் இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனாலும் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வைத்துக்கொள்வதே நல்லது. பிஎச்சைச் சரிசெய்யும் ஒரு பாட்டில் குள அமிலம், பல நாட்களில் குளோரினைவிடப் பெரிய சிக்கனத்தைத் தரும்.

மிச்சம், அழுக்குக்குப் போகிறது. இலை, வியர்வை, சன்ஸ்கிரீன், குளக்கரைக்கு வந்து தண்ணீர் குடித்து அட்டகாசம் செய்யும் குரங்குகள். வடகடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டம் எரிக்கும்போது பறந்து வந்து நீர்மேல் கறுப்பாகப் படியும் சாம்பல். நம் முன்னோர் 1860 முதல் வெட்டிய அதே கரும்புதான் இன்று வடிகட்டியை அடைக்கிறது. எரிக்கிற வாரங்களில் வெயர் கூடையைத் தினமும் காலி செய்யுங்கள். கிரீப்பி கிராலி போன்ற கருவி அடியில் கிடக்கும் இலையை உறிஞ்சட்டும்; தென்னாப்பிரிக்கா 1970-களிலேயே உலகத்துக்குக் கொடுத்த கண்டுபிடிப்பு அது. மக்கிய இலையை எரிப்பதற்குக் குளோரின் வாங்குவதைவிட, அதை முன்பே வலையால் அள்ளிவிடுவது மலிவு.

இவ்வளவையும் செய்துவிட்டு, ஒரு சோதனைப் பெட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். துளி விட்டு நிறம் பார்க்கும் பெட்டி நல்லது; நிலைப்படுத்தியை அளக்கும் வசதியும் அதில் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கீழே உள்ள தேர்வுகளுக்குப் பொருள் உண்டு.

## குளோரின் தூள்

இங்கே பெரும்பாலான வீடுகளில் எச்டிஎச் என்றே அழைக்கப்படும் கால்சியம் ஹைப்போகுளோரைட். சதவீதம் 65 முதல் 70 வரை. மாதத்துக்கு ஏறக்குறைய 4.4 கிலோ.

இதனோடு வருவது கால்சியம். 10 பிபிஎம் குளோரின் போட்டால் 7 பிபிஎம் கால்சியம் கூடும். மாதத்துக்கு 42, பருவம் முழுவதற்கும் 300-க்குப் பக்கத்தில். கடினநீர் உள்ள ஊரில் இது தொல்லை; ஓரங்களில் வெள்ளையாகப் படியும். டர்பன் குழாய்நீர் மென்மையானது. மார்பிலைட் என்னும் சிமென்ட் பூச்சு பூசிய குளத்துக்குக் கால்சியம் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அதைச் சுவரிலிருந்தே அரித்து எடுத்துக்கொள்ளும். எனவே நம் ஊர் மார்பிலைட் குளத்துக்கு, இந்தத் தூளின் பக்க விளைவே ஓரளவு மருந்து. கோடை மழையில் குளம் நிரம்பி வழியும்போது மிகுதியும் கொஞ்சம் வெளியேறும். ஃபைபர் கிளாஸ் குளத்துக்கு அந்த நன்மை இல்லை.

இதில் நிலைப்படுத்தி கிடையாது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அதை நாமே அளந்து ஒருமுறை போட்டுக்கொள்ளலாம்; கட்டுப்பாடு நம் கையில் இருக்கும். உண்மையான குறை, தினமும் போட வேண்டியிருப்பது. வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து, தெளிந்ததை ஊற்ற வேண்டும். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. எப்போதும் தண்ணீரில்தான் தூளைச் சேர்க்க வேண்டும். பெரிய டப்பா கிலோவுக்கு மலிவாக வரும். ஆனால் டர்பன் ஈரக்காற்றில் மூடியைச் சரியாக மூடாவிட்டால் தூள் கட்டிதட்டி வலிமை இழக்கும். பருவத்துக்குள் தீரும் அளவு மட்டும் வாங்குங்கள்.

## மிதவையும் வில்லையும்

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

வில்லைகளில் பெரும்பாலானவை டிரைகுளோர். ஏறக்குறைய 90 சதவீதம் குளோரின், மாதத்துக்கு 3.3 கிலோ போதும். மிதவையில், அதாவது குளத்தில் மிதக்கும் துளையுள்ள கூட்டில், போட்டு விட்டுவிடலாம், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கிலோக் கணக்கில் பார்த்தால் சில சமயம் இதுவே மலிவாகவும் தெரியும். ஆனால் 10 பிபிஎம் குளோரினோடு 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் இறங்குகிறது. மாதத்துக்கு 36. மழை கழுவிய பங்கைக் கழித்தாலும், ஒரு பருவத்தில் 100-ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன? நிலைப்படுத்தி கூடக் கூட, அதன் பிடியிலிருந்து குளோரின் வெளிவருவது குறைகிறது. பாசி வராமல் இருக்க, நிலைப்படுத்தியின் அளவில் ஏறக்குறைய 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது குளத்தைப் பராமரிப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 40 இருந்தால் 3 பிபிஎம். 120 இருந்தால் 9. அதாவது, எந்த வில்லையைச் சிக்கனத்துக்காக வாங்கினோமோ, அதுவே ஆறே மாதத்தில் மூன்று மடங்கு குளோரின் கேட்கிறது.

டோங்காட்டில் உறவினர் வீடு ஒன்று. பெரியவர் வாராவாரம் தவறாமல் மிதவையை நிரப்புகிறவர். "தம்பி, சோதித்தால் குளோரின் மூன்று காட்டுகிறது. பிறகு ஏன் படிக்கட்டு ஓரம் பச்சை?" என்று கேட்டார். நிலைப்படுத்திச் சோதனையை அவர் கண்முன்னாலேயே செய்தேன். குளத்து நீரையும் சோதனைத் திரவத்தையும் கலந்தால் பால்போல் கலங்கும். அதை, அடியில் கறுப்புப் புள்ளி உள்ள ஒரு குழாயில் மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. நீர் அதிகம் ஏறினால் அளவு குறைவு, சீக்கிரம் மறைந்தால் அளவு அதிகம். அவர் குளத்து நீரை அடிப்பகுதியில் கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி காணாமல் போயிற்று. முதல் கோட்டையே எட்டவில்லை. "மாமா, குளோரின் இருக்கிறது. ஆனால் கட்டிப்போட்ட நிலையில் இருக்கிறது" என்றேன்.

இதற்கு மருந்து கடையில் கிடைக்காது. தண்ணீரை மாற்றுவது ஒன்றே நம்பத்தகுந்த வழி. 120-ஐ 40-க்கு இறக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 33 கிலோலிட்டர் புதுநீர் வேண்டும். மாநகராட்சிக் கட்டணம், பயன்பாடு கூடக் கூட மேல்படியில் ஏறுவது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர்நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் பார்க்காத டோங்காட்டில், நல்ல தண்ணீரை இப்படிக் கொட்டுவது மனத்துக்கே ஒவ்வாத செயல். கூரை மழைநீர் பிடிக்கும் ஜோஜோ தொட்டி இருந்தால் மழைக்காலத்தில் அதைக் குளத்துக்குத் திருப்பி, பேக்வாஷ் செய்து, படிப்படியாக இறக்கலாம். அவருக்கு அதைத்தான் சொன்னேன்.

வில்லைக்கு இன்னொரு மறைமுகச் செலவு, அமிலத்தன்மை. தொடர்ந்து போட்டால் பிஎச்சும் காரத்தன்மையும் இறங்கும். மார்பிலைட் சொரசொரப்பாகும், சூடேற்றும் கருவியின் உலோகம் அரிக்கும். மிதவை வெயர் வாயில் ஒதுங்கி நிற்கும் இடத்தில் பூச்சு வெளிறுவதைப் பல குளங்களில் பார்க்கலாம்.

அப்படியானால் வில்லை வேண்டவே வேண்டாமா? வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள், இரண்டு மூன்று வாரம் வீட்டில் யாரும் இல்லை; அப்போது இதற்கு இணை எதுவும் இல்லை. நிலைப்படுத்தி சுத்தமாக இல்லாத புதுக்குளத்தில், பருவத்தின் முதல் மாதம் வில்லையைப் போட்டு, 40 வந்ததும் தூளுக்கு மாறுவதும் நல்ல வழி. சோதித்துக்கொண்டே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கால்சியம் தூளையும் டிரைகுளோர் வில்லையையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒரே மிதவையில், ஒரே கரண்டியில், ஒரே வாளியில் இரண்டும் படக் கூடாது. மிதவைகள் பல வகை. லேபிளில் என்ன வேதிப்பொருள் என்று படித்த பிறகே உள்ளே போடுங்கள். குள அமிலத்தை இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். குளோரினோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

## திரவக் குளோரின்

சோடியம் ஹைப்போகுளோரைட். ரசாயனக் கடைகளில் 20, 25 லிட்டர் கேன்களில் கிடைக்கும். லிட்டருக்கு 120 கிராம் குளோரின் உள்ள சரக்கானால் மாதத்துக்கு 25 லிட்டர்.

கூட வருவது சாதாரண உப்பு மட்டுமே. மாதத்துக்கு 100 பிபிஎம் போல. பருவம் முழுவதும் போட்டாலும் குளத்துக்குக் கெடுதல் இல்லை. கால்சியம் ஏறாது, நிலைப்படுத்தி ஏறாது. தண்ணீரின் தூய்மையை வைத்துப் பார்த்தால் இதற்கே என் முதல் மதிப்பெண். பிரச்சினை, சரக்கு நிற்காது. வெயில் படும் இடத்தில் வைத்த கேன், கோடையில் சில வாரங்களிலேயே வலிமையை வெகுவாக இழந்துவிடும். அதனால் எந்தத் தேதியில் நிரப்பியது என்று கேட்டு வாங்க வேண்டும்; நிழலில் வைக்க வேண்டும்; மாதத்துக்குமேல் சேர்த்துவைக்கக் கூடாது. கார் டிக்கியில் படுக்கவைத்து எடுத்துவராதீர்கள், கசிந்தால் துணி, விரிப்பு எல்லாம் போய்விடும். கடை பக்கத்தில் இருந்தால் மட்டுமே இது கணக்குக்கு வரும். போய்வரும் பெட்ரோல் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

"அண்ணா, ஜிக் ஊற்றினால் ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் ஜிக்கும் இதே வேதிப்பொருள்தான், ஆனால் 3.5 சதவீதம். மாதத்துக்கு 86 லிட்டர் வேண்டும். மணம் சேர்க்காத வகையாக இருந்தால், அவசரத்துக்கு ஒரு நாள் ஊற்றலாம்.

## உப்புக் குளோரினேட்டர்

உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தண்ணீரில் உப்பைக் கரைத்து, மின்சாரம் பாயும் கலன் வழியாக ஓடவிட்டால் அங்கேயே குளோரின் பிறக்கிறது. 4,000 பிபிஎம் கேட்கும் கருவிக்கு நம் குளத்தில் 200 கிலோ உப்பு கொட்ட வேண்டும். உப்பு மலிவு, வெயிலிலோ கிருமியிலோ தீர்ந்துபோகாது; வழிந்த, பேக்வாஷில் போன பங்கை மட்டும் நிரப்பினால் போதும். தண்ணீர் கண்ணுக்கும் தோலுக்கும் இதமாக இருக்கும். அதை அனுபவித்த பிள்ளைகள் பழைய குளத்துக்குத் திரும்ப விரும்பமாட்டார்கள்.

செலவு எங்கே இருக்கிறது? கருவியை வாங்குவது ஒன்று. அதன் கலன் மூன்று முதல் ஏழு ஆண்டில் தேய்ந்துவிடும். புதுக் கலன், கருவி விலையில் பெரும்பங்கு. எனவே ஒப்பிடும்போது கருவி விலையைக் கலனின் ஆயுளால் வகுத்து, மாதச் செலவாக்கிப் பாருங்கள். இதைச் செய்யாமல் "இனிக் குளோரினே வாங்க வேண்டாம்" என்ற விற்பனைப் பேச்சில் மயங்கக் கூடாது. பிஎச் விடாமல் ஏறும், எனவே அமிலச் செலவு கூடும். நிலைப்படுத்தியும் வேண்டும்.

பிறகு மின்சாரம். தண்ணீர் ஓடினால்தான் குளோரின். நாளைக்கு நூறு கிராம் தேவை. மணிக்கு 20 கிராம் தரும் கலனானால் குறைந்தது ஐந்து மணி நேரம் முழுவேகத்தில் ஓட வேண்டும். 0.75 கிலோவாட் பம்பு உண்மையில் இழுப்பது 1.1 கிலோவாட் போல; எட்டு மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஒன்பது யூனிட், மாதத்துக்கு 260-க்கு மேல். பம்பு எப்படியும் ஓடத்தான் போகிறது என்றாலும், நேரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் வழி உப்புக் குளத்தில் சுருங்கிவிடுகிறது. 2022, 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, உப்புக் குளம் வைத்திருந்தவர்கள் தூள் டப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிறது. நடுப்பகலில் வீட்டில் ஆளில்லாமல் மிஞ்சும் மின்சாரத்தில் பம்பும் கலனும் ஓடும். வெயில் குளோரினைத் தின்னும் அதே நேரத்தில் கலன் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு நான் தயங்காமல் உப்பைத்தான் சொல்வேன்.

பேக்வாஷ் நீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். உப்புநீர் கறிவேப்பிலைச் செடியின் அடியில் போனால், செடி பிழைக்காது. குளக்கரைக் கல்லும், பக்கத்தில் உள்ள இரும்புக் கதவும் உப்பில் சீக்கிரம் தேயும்.

## மூடி

இது குளோரினுக்கு மாற்று இல்லை. குளோரின் தேவையைக் குறைப்பது. குமிழி வைத்த சூரிய மூடி விரித்திருக்கும் நேரம் வரை, வெயில் தண்ணீரைத் தொடுவது வெகுவாகக் குறையும், ஆவியாதல் பெரும்பாலும் நிற்கும், இலையும் கரும்புச் சாம்பலும் மேலேயே தங்கும். 2017, 2018-இல் கேப் டவுன் வறட்சியில் குளத்துக்குக் குழாய்நீர் நிரப்பத் தடை இருந்தபோது, மூடியின் அருமை நாடு முழுவதும் தெரிந்தது.

சுருட்டி விரிக்க ஆள் வேண்டும். அதிக அளவில் குளோரின் போட்ட நாளில் உடனே மூடினால் மூடி கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது குழந்தையைத் தாங்காது. சின்னப் பிள்ளைகள் வரும் வீட்டில் பாதுகாப்பு வலையும் பூட்டிய வேலியும் தனியாக இருந்தே ஆக வேண்டும். அந்தச் செலவைக் குறைக்க வழி தேடாதீர்கள்.

தாமிரக் கருவி, ஓசோன், புற ஊதா விளக்கு என்று வேறு சிலவும் விற்கிறார்கள். விளக்கும் ஓசோனும் தம்மைக் கடந்து போகும் நீரை மட்டும் சுத்தம் செய்யும். குளத்துக்குள் தங்கிக் காக்காது. தாமிரம் பாசியைத் தடுக்கும், ஆனால் அளவு மீறினால் சுவரில் கறை, வெளிர்முடியில் பச்சை. எதை வாங்கினாலும் குளோரின் கொஞ்சமாவது போட்டே ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | மாதத் தேவை (50,000 லிட்டர்) | தண்ணீரில் தங்குவது | மறைந்திருக்கும் செலவு | உழைப்பு |
|---|---|---|---|---|
| தூள் | 4.4 கிலோ | கால்சியம், 42 பிபிஎம் | கடினநீரில் படிவு | தினமும் மாலை |
| வில்லை | 3.3 கிலோ | சயனூரிக் அமிலம், 36 பிபிஎம் | தண்ணீர் மாற்றுதல், பூச்சு அரிப்பு | வாரம் ஒருமுறை |
| திரவம் | 25 லிட்டர் | உப்பு, 100 பிபிஎம் | வலிமை இழப்பு, போக்குவரத்து | தினமும், கேன் தூக்க வேண்டும் |
| உப்புக் கருவி | கலனே தரும் | தொடக்கத்தில் 200 கிலோ உப்பு | கலன், மின்சாரம், அமிலம் | வாரச் சோதனை |
| மூடி | தேவையைக் குறைக்கும் | ஏதுமில்லை | சில ஆண்டில் புதியது | சுருட்ட ஆள் |

## எந்த வீட்டுக்கு எது

மார்பிலைட் குளம், மாலையில் வீட்டில் ஒருவர் இருக்கிறார், வழக்கமான மின் இணைப்பு: தூள். நிலைப்படுத்தியை 40-இல் நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் போடுங்கள். டர்பனில் பெரும்பாலான தமிழ் வீடுகள் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். அவர்கள் எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை, போடும் நேரத்தையும் அளவையும் மாற்றினால் போதும்.

ஃபைபர் கிளாஸ் குளம், ரசாயனக் கடை பக்கத்தில், கேன் தூக்க இளவட்டம் உண்டு: திரவம்.

சூரியத் தகடு உண்டு, பிள்ளைகள் தினமும் நீந்துகிறார்கள், ஐந்தாறு ஆண்டுக்கு வீட்டை மாற்றும் எண்ணம் இல்லை: உப்பு. தகடு இல்லாமல், அடுத்த ஆண்டே வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றால் கருவியில் பணத்தை முடக்காதீர்கள்.

ஜொகனஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே குளிர் கடுமை. வைகாசி முதல் ஆவணி வரை யாரும் நீந்தப் போவதில்லை. குளத்தைச் சுத்தம் செய்து, பிஎச் சரிசெய்து, கனமான மூடியைப் போட்டுவிட்டால் நாளைக்கு ஓரிரு மணி நேரப் பம்பும் சிறிதளவு குளோரினும் போதும். நான்கு மாதச் செலவு கிட்டத்தட்ட நின்றுவிடும். டர்பனில் ஆடி மாதத்திலும் தண்ணீர் அவ்வளவு குளிராது என்பதால் முழுவதும் விட்டுவிட முடியாது, ஆனால் கோடைச் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், பெரியவர்கள் இருவர் மட்டும், குளத்தில் இறங்க ஆளில்லை. இப்படியும் வீடுகள் இருக்கின்றன. அவர்கள் "தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். காலியாக நின்றால் மார்பிலைட் வெயிலில் வெடிக்கும்; கனமழையில் நிலத்தடி நீர் ஏறினால் ஃபைபர் கிளாஸ் தொட்டி மண்ணிலிருந்து மேலே எழும்பிவிடும். மூடி போட்டு, நிலைப்படுத்தியைச் சரியாக வைத்து, வாரம் இரண்டு மூன்று முறை தூள் போட்டால் மிகக் குறைந்த செலவில் வைத்திருக்கலாம். குழாயில் தண்ணீர் நிற்கும் நாட்களில் கழிப்பறைக்காவது உதவும். அதுவும் வேண்டாம், மூடிவிடுவதே மேல் என்று முடிவு செய்தால், மண்ணை மட்டும் கொட்டி நிரப்பிவிடாதீர்கள். முதலில் அடித்தளத்தை உடைத்து நீர் இறங்க வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கோடை மழைக்கும் அந்த இடம் சதுப்பாகி, அதன்மேல் போட்ட தோட்டமும் அழுகிவிடும்.